கரியும் கயிறும் கலையான கதை

ஓவியம் என்றவுடன் துணியும் தூரிகையும் வண்ணக் குழம்பும், சிற்பம் என்றவுடன் கல்லும் உளியும் நம் மனக்கண் முன் வந்து நிற்கின்றன. ஒரு பிளைவுட் பலகையை நெருப்பால் கருக்கிச் சுவரில் மாட்டி, ‘இதுவும் ஓவியமே’ என்று ஒருவர் கூறுவாராயின், நம்மில் பலர் புன்னகை பூத்து அகன்றுவிடுவோம். மூத்தோர் சிலர் காலத்தின் கோலத்தை நொந்துகொள்ளவும் கூடும். ஆயினும் அத்தகைய பலகைகள் இத்தலைநகரில் பலர் காண வைக்கப்பெற்று அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அக்கண்காட்சியைத் திறந்து வைத்தவர் பிரதமர் ஜவாஹர்லால் நேரு. அதன் மலருக்கு முன்னுரை வரைந்தவர் பின்னாளில் நோபெல் பரிசு பெற்ற மெக்சிகோ நாட்டுக் கவிஞர். அதற்கு முன்னின்று உழைத்தவர் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மைந்தர். இம்மூன்றனுள் கடைசிச் செய்தியே நம் குடியிருப்புகளில் மிகக் குறைவாக அறியப்பட்டிருக்கிறது. ஆண்டு மலரில் அதற்குச் சில பக்கங்கள் ஒதுக்குவது தகும் என்று கருதினோம்.

ஆங்கிலேயர் காலத்துப் புதுதில்லி ஆட்சிக்கென எழுந்த நகரமேயன்றிக் கலைக்கென எழுந்த நகரமன்று. ஓவியம் பயில விரும்பியவர் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ சென்னைக்கோ லாகூருக்கோ செல்ல வேண்டியிருந்தது. 1947-இல் நாடு பிளவுண்டபோது லாகூரிலிருந்து உடுத்த உடையோடு வந்தவருள் ஓவியரும் சிற்பியரும் இருந்தனர். பி. சி. சன்யால், தன்ராஜ் பகத் முதலியோர் கூடி 1949-இல் ‘தில்லி சில்பி சக்கரம்’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். நம்மவர் துணிமணி வாங்கச் செல்லும் சங்கர் மார்க்கெட்டில் அவர்களுடைய கூடம் இருந்தது என்றால் வியப்பாக இல்லையா? தன்ராஜ் பகத் மரத்தோடு நின்றவர் அல்லர். காகிதக் கூழையும் சிமெண்டையும் கையாண்டார். மரத்தின்மேல் தகடு போர்த்தினார். ஆணிகளை வரிசையாக அறைந்து அவற்றையே அணியாக்கினார். வீடிழந்து வந்தவர்கள், கைக்குக் கிடைத்ததைக் கொண்டு வேலை செய்வதை இழிவாகக் கருதவில்லை.

1954-ஆம் ஆண்டில் ஜெய்ப்பூர் மாளிகையில் தேசிய நவீனக் கலைக்கூடமும், அதே ஆண்டில் லலித கலா அகாதெமியும் தோன்றின. அகாதெமியின் முதல் தலைவராக அமர்ந்தவர், சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக நெடுங்காலம் விளங்கிய தேவிபிரசாத் ராய் சௌதுரி. சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையைக் கண்டு வந்த நமக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

இந்தச் சூழலில்தான் ஜகதீஷ் சுவாமிநாதன் வருகிறார். 1928-இல் சிம்லாவில் பிறந்தவர். வெயிற்காலத்தில் அரசாங்கம் மலையேறும். அதனோடு அலுவலகங்களும் கோப்புகளும், கோப்புகளோடு தென்னாட்டுக் குடும்பங்களும் மலையேறும். சிம்லாவில் தமிழ்க் குழந்தைகள் பிறந்த வரலாறு இதுவே. சுவாமிநாதன் தில்லியில் கற்றார். மருத்துவக் கல்விக்கு முற்பட்ட வகுப்பில் சேர்ந்தார். அதனைப் பாதியில் விட்டுக் கல்கத்தாவுக்குச் சென்றுவிட்டார். (டாக்டர் ஆக வேண்டிய பிள்ளை ஓவியனானால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை நம் அன்பர்கள் தாமே ஊகித்துக் கொள்ளலாம்.) பின்பு அரசியலில் இறங்கினார், பொதுவுடைமைக் கட்சியில் உழைத்தார், பத்திரிகைகளில் எழுதிப் பிழைத்தார். தில்லி பாலிடெக்னிக்கில் மாலை வகுப்பில் ஓவியம் பயின்றபோது அவர் வயது முப்பதை எட்டிக்கொண்டிருந்தது. வார்சா நகரிலும் சிறிது காலம் கற்றார். திரும்பி வந்து ‘லிங்க்’ வார இதழில் கலை விமரிசனம் எழுதலானார். எழுத்து கூர்மையானது, யாரையும் விட்டுவைத்ததில்லை.

1962 ஆகஸ்டில் குஜராத்து மாநிலத்துப் பாவநகரில் நண்பர் ஒருவர் இல்லத்தில் ஓவியர் சிலர் கூடினர். கூட்டுக்கு ஒரு பெயர் வேண்டுமே! கொள்கையைச் சொல்லும் பெயர் எதுவும் வேண்டாம் என்று அவ்வீட்டின் கதவிலக்கத்தையே சூட்டினர். ‘குரூப் 1890’ என்பது அவ்வாறு வந்த பெயரே. பின்னாளில் இதனை ஓர் ஆண்டு என்று எண்ணி, 1890-இல் என்ன நிகழ்ந்தது என்று தேடியவர் பலர் இருக்கக்கூடும். உறுப்பினர் பன்னிருவர்: சுவாமிநாதன், ஜெராம் படேல், ஹிம்மத் ஷா, ராகவ் கனேரியா, குலாம் முகம்மது ஷேக், ஜோதி பட், அம்பாதாஸ், ராஜேஷ் மெஹ்ரா, எரிக் போவன், எஸ். ஜி. நிகம், பாலகிருஷ்ண படேல், ரெட்டப்ப நாயுடு. கடைசியாகச் சொன்னவர் சென்னைக் கலைப்பள்ளியில் பணிக்கரிடம் பயின்றவர். பன்னிருவருள் பெண் ஒருவரும் இல்லை என்பதையும் இங்கே சொல்லி வைப்போம். பழமையை உடைக்கப் புறப்பட்டவர்களுக்கும் சில பழமைகள் கண்ணில் படுவதில்லை.

1963 அக்டோபரில், ரவீந்திர பவனத்தில் இவர்களுடைய கண்காட்சி திறக்கப்பெற்றது. சீனப் படையெடுப்பு நிகழ்ந்து ஓராண்டு நிறைந்த வேளை. உள்ளமும் உடலும் தளர்ந்திருந்த நேரு வந்து திறந்து வைத்தார். அடுத்த மே மாதத்தில் அவர் மறைந்தார். அப்போது மெக்சிகோவின் தூதராக இங்கே இருந்த ஒக்தாவியோ பாஸ் முன்னுரை எழுதியிருந்தார். பாஸுக்கும் சுவாமிநாதனுக்கும் இருந்த நட்பு நெருக்கமானது. சுவாமிநாதனைக் குறித்து ஸ்பானிய மொழியில் ஒரு கவிதையும் அவர் பாடியிருக்கிறார். ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையின் பெயர் ஸ்பானியக் கவிதையின் தலைப்பில் நிற்பதை நம் சங்கங்கள் அறிந்து கொண்டாடியிருக்க வேண்டாமா?

கண்காட்சியில் என்ன இருந்தது? ஜெராம் படேலின் பலகைகளை முதலில் சொல்ல வேண்டும். பிளைவுட் என்பது மெல்லிய மரத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு ஒட்டியது. குழாய் வேலைக்காரர் கையில் இருக்கும் புளோ டார்ச்சை எடுத்து அதன்மேல் தீயைப் பாய்ச்சினார் அவர். மேல் தாள் கருகிச் சுருளும், இன்னும் நின்றால் அடுத்த தாள் வெளிப்படும், அதுவும் கருகும். தீயை எங்கே நிறுத்துவது, எங்கே நகர்த்துவது என்பதில் இருக்கிறது கைத்திறன். தூரிகையால் இட்ட கோடு பிழையானால் அதன்மேல் மீண்டும் வண்ணம் பூசலாம். எரிந்த மரத்தை மீண்டும் மரமாக்க இயலாது. ஆதலால் அப்பலகைகளில் காணும் கரிய பள்ளங்கள் தீட்டிய கருமை அல்ல. உண்மையிலேயே ஏதோ ஒன்று அழிந்த இடங்கள். புகைப்படத்தில் பார்த்தால் இது விளங்காது. நேரில் நின்று பார்க்கும்போதே அடிவயிற்றில் ஒரு குளிர்ச்சி தோன்றுகிறது.

ஹிம்மத் ஷா காகிதத்தை எரித்தார். காகிதத்தின் ஓரங்கள் பழுப்பேறிச் சுருங்க, நடுவே துளைகள் விழ, அவற்றை ஒட்டி அமைத்துப் படமாக்கினார். ராகவ் கனேரியாவோ, நம் ஊரில் காயலான் கடை என்றும் இவ்வூரில் கபாடி என்றும் சொல்லப்படும் இடங்களுக்குரிய இரும்பை எடுத்து வெல்டிங் செய்து சிற்பமாக நிறுத்தினார். இயந்திரத்தின் பல்சக்கரமும் உடைந்த சட்டமும் தம் பழைய உருவத்தை மறைக்காமலேயே புதிய உருவத்தில் சேர்ந்துகொண்டன.

இவையெல்லாம் மேனாட்டாரைப் பார்த்துச் செய்தவை என்று அன்றே சிலர் கூறினர். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. பிக்காசோ 1912-இலேயே தம் படத்தில் மேசை விரிப்புத் துணியை ஒட்டிவிட்டார். 1942-இல் மிதிவண்டியின் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்துக் காளைத் தலை செய்தார். இத்தாலியில் அல்பெர்த்தோ பூரி என்பவர் 1950-களில் கோணிச் சாக்கையும் மரத்தையும் எரித்து ஓவியமாக்கிக்கொண்டிருந்தார். காற்று அங்கிருந்து வீசியது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சுவாமிநாதன் எழுதிய அறிக்கையைப் படித்தால் அவர்கள் மேனாட்டை வணங்கி நின்றவர்கள் அல்லர் என்பது புலப்படும். ரவிவர்மாவின் இயற்கைப் பிரதிபலிப்பும் வேண்டாம், வங்காளத்தாரின் கனவுக் கிராமங்களும் வேண்டாம், ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான பாணிகளும் வேண்டாம் என்று மூன்று வாயில்களையும் அடைத்தார் அவர். ஓவியம் வேறொன்றைக் காட்டும் கண்ணாடியன்று, தானே ஒரு புதிய உண்மை என்பது அவ்வறிக்கையின் சாரம். அதனை ஒப்புக்கொண்டால், எரிந்த மரம் ஏன் ஓவியத்தில் நுழைந்தது என்பது எளிதில் விளங்கும். படம் வேறொன்றைக் காட்டும் வரையில் வண்ணமும் பலகையும் தம்மை மறைத்துக்கொள்ள வேண்டும். படம் தன்னையே காட்டத் தொடங்கிவிட்டால் அவை மறைந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தமிழில் ‘பொருள்’ என்னும் ஒரே சொல் கையால் தொடும் பண்டத்தையும் சொல்லின் கருத்தையும் குறிக்கிறது. அவ்விரண்டும் ஒன்றாகிய இடத்தையே இவர்கள் தேடினர் எனலாம்.

அந்தக் குழு மீண்டும் ஒரு கண்காட்சி நடத்தவில்லை. ஒன்றோடு முடிந்தது, ஒவ்வொருவரும் தத்தம் வழியே சென்றனர். ஜெராம் படேலும் ராகவ் கனேரியாவும் பரோடாவில் ஆசிரியர் ஆயினர். ஹிம்மத் ஷா தில்லியில் அகாதெமியின் கடி கலைக்கூடத்தில் நெடுங்காலம் சுடுமண்ணில் தலைகள் வனைந்து, அவற்றின்மேல் வெள்ளித் தாளும் பொன் தாளும் போர்த்தி, 2025 மார்ச்சில் ஜெய்ப்பூரில் காலமானார். 2016-இல் தில்லிக் கலைக்கூடம் ஒன்று பழைய பன்னிருவரின் படைப்புகளைத் திரட்டிக் காட்டியபோதுதான் இளைய தலைமுறையினர் பலர் அப்பெயரைக் கேள்வியுற்றனர்.

சுவாமிநாதனின் பிற்காலப் பணி இன்னும் விரிவாக எழுதத் தக்கது. மலையும் மரமும் அந்தரத்தில் நிற்கும் பறவையுமாக அவர் தீட்டிய படங்களை அன்பர்கள் எங்கேனும் கண்டிருக்கலாம். 1982-இல் போபாலில் பாரத் பவன் திறக்கப்பெற்றபோது அதன் ஓவியக் காட்சியகத்தின் இயக்குநராக அமர்ந்தார். மாணவர் குழுக்களை மத்தியப் பிரதேசத்துக் காட்டுச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். வீட்டுச் சுவரில் மண் நிறங்களால் எழுதிக்கொண்டிருந்த ஜங்கர் சிங் ஷியாம் என்னும் கோண்டு இளைஞர் அவ்வாறு கண்டெடுக்கப்பட்டவரே. நகரத்து ஓவியர் படைப்பும் காட்டில் வாழ்வோர் படைப்பும் ஒரே கூரையின் கீழ் சரிநிகராக வைக்கப்பட்டன. கடைசி ஆண்டுகளில் சுவாமிநாதனே மண் நிறங்களைக் கையால் துணியில் தேய்த்துத் தீட்டலானார். 1994-இல் தில்லியில் மறைந்தார்.

இங்கே நம் இல்லங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்கழியில் வாசலில் சாண உருண்டை வைத்துப் பூசணிப்பூச் செருகுகிறோம். மஞ்சளைப் பிடித்து வைத்தால் பிள்ளையார். அறுகம்புல்லைச் செருகினால் அவருக்கு அணி. தஞ்சாவூர்ப் படத்தில் பலகையும் துணியும் சுண்ணமும் பசையும் கண்ணாடிக் கல்லும் பொன் தாளும் ஒன்றுகூடுகின்றன. குளத்தில் விளையும் நெட்டியைச் சீவித் தஞ்சையார் கோபுரமே எழுப்புகிறார்கள். ஆகவே, சாணமும் நாரும் கலைக்குரிய பண்டங்கள்தாமா என்று கேட்கும் தகுதி நமக்குச் சற்றுக் குறைவே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மஞ்சட் பிள்ளையாரை மறுநாள் நீரில் கரைத்துவிடுகிறோம். கோலத்தை எறும்பு தின்னட்டும் என்று விட்டுவிடுகிறோம். கலைக்கூடமோ, அழியும் பண்டத்தால் ஆனதை அழியாமல் காக்க முயல்கிறது. இதனால் எழும் தொல்லைகளைப் பின்னர்ச் சொல்வோம்.

கயிற்றுக்கு வருவோம். 1924-இல் வட கேரளத்துக் கூத்துபறம்பில், தமிழ் பேசும் குடும்பத்தில் தோன்றியவர் கே. ஜி. சுப்பிரமணியன். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்றவர். விடுதலைப் போரில் சிறை சென்றதால் அரசினர் கல்லூரிக் கதவுகள் அடைபட, சாந்திநிகேதனம் சென்று ஓவியரானார். பரோடாவில் ஆசிரியராயிருந்தபோதும் இடையில் கைத்தறி வாரியத்தில் பணியாற்றியபோதும் நெசவாளர், குயவர், பொம்மை செய்வோர் ஆகியோரின் கைவேலையைக் கூர்ந்து கற்றார். மரத்துண்டும் தோலும் மணியும் கொண்டு அவர் செய்த பொம்மைகள் பெயர் பெற்றவை. கைவினை கீழ், கலை மேல் என்னும் படிவரிசையை அவர் ஏற்றதே இல்லை.

அவரிடம் பயின்றவருள் ஒருவர் மிருணாளினி முகர்ஜி. பயிற்சி முடிந்தபின் தில்லியில் குடியேறி, 1970-களின் தொடக்கம் முதல் சணல் போன்ற நார்க்கயிற்றையே தம் பண்டமாகக் கொண்டார். தறி இல்லை, ஊசி இல்லை, முன்கூட்டி வரைந்த படமும் இல்லை. கயிற்றுக்குச் சாயம் ஏற்றி, விரலால் முடிச்சு மேல் முடிச்சாக இட்டுக்கொண்டே போவார். ஒரு வடிவம் முடிய ஓராண்டு கூட ஆகும். 1984-இல் அவர் செய்த ‘யக்ஷி’ ஆளுயரத்துக்கு மேல் நின்று, மடிப்பு மடிப்பாக இறங்கி, அரையிருளில் ஒரு கருவறைத் தெய்வம் போலத் தோன்றும். தெய்வமா, காட்டுப் பூவா, பெண்ணுருவா என்று தெளிவாகச் சொல்ல இயலாது. நம் பெண்டிர் கூடை பின்னவும் உறி முடையவும் கற்ற அதே முடிச்சுக் கலைதான். அதனைக் கொண்டு இத்தனை கனமான உருவத்தை எழுப்பலாம் என்று எண்ணியதுதான் புதுமை. கல்லில் வடித்திருந்தால் அது நல்ல சிற்பமாய் இருந்திருக்கும். ஆனால் அதன் மடிப்புகள் தளர்ந்து தொங்கியிரா, அந்த அச்சமும் தோன்றியிராது. 2015-இல் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் கண்காட்சி திறக்கப்பெற்ற சில நாட்களுக்குள் அவர் மறைந்தார்.

மூன்றாமவர் பெயரிலேயே தமிழ் ஒலிக்கும்: விவான் சுந்தரம். தந்தையார் கே. வி. கே. சுந்தரம், 1958 முதல் 1967 வரை இந்தியாவின் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர். தாய் வழியில் இவர் ஓவியர் அம்ரிதா ஷேர்கிலின் தங்கை மகன். இவரும் சிம்லாவிலேயே பிறந்தார், 1943-இல். வளைகுடாப் போர் நிகழ்ந்த 1991-இல், மோட்டார் பட்டறைகளில் வடித்துக் கொட்டும் பழைய எஞ்சின் எண்ணெயை எடுத்துக் காகிதத்தில் ஊறவிட்டுக் கரிக்கோட்டோடு சேர்த்துப் படங்கள் செய்தார். தரையில் துத்தநாகத் தட்டுகளில் கரிய எண்ணெய் தேங்கி நின்றது. எண்ணெய்க்காக மூண்ட போரை எண்ணெயாலேயே சொல்லிய அத்துணிவை எத்துணை பாராட்டினும் தகும். நீலமோ சிவப்போ கொண்டு தீட்டியிருந்தால் அது போரைப் பற்றிய மற்றொரு படம் என்ற அளவில் நின்றிருக்கும். 1992-93-இல் பம்பாயில் நிகழ்ந்த கலவரத்தில் தெருவில் இறந்து கிடந்த ஒருவரின் பத்திரிகைப் படத்தை வைத்து ‘நினைவகம்’ என்னும் படைப்பைச் செய்தார். அப்படத்தின்மேல் ஆணிகள் அறையப்பட்டன. 2008-இல் தில்லியின் குப்பை பொறுக்கும் மக்களோடு கூடி, நகரத்துக் கழிவுகளையே அடுக்கி ஒரு நகரம் எழுப்பிப் படம் பிடித்தார். 2023-இல் காலமானார்.

இன்று இவ்வழியில் நடப்பவர் பலர். பீகாரிலிருந்து வந்து தலைநகரை அடுத்து வாழும் சுபோத் குப்தா நம் அடுக்களை எவர்சில்வர்ப் பாத்திரங்களை மலைபோல் குவித்து 2008-இல் அணுகுண்டுப் புகைமேகம் ஒன்று செய்தார். அது கிரண் நாடார் அருங்காட்சியகத்தின் உடைமை. வரதட்சிணைச் சீராகவும் சீட்டுப் பணமாகவும் நம் வீடுகளில் நுழைந்த அப்பாத்திரங்களை அங்கே காண்பது சற்றுக் கலக்கந்தான். ஆனால் புதுப் பண்டம் எடுத்தவரெல்லாம் கலைஞர் ஆகிவிடுவதில்லை. சராய் காலே கான் அருகே 2019-இல் திறக்கப்பெற்ற பூங்காவில் சுமார் 150 டன் பழைய இரும்பால் உலக அதிசயங்கள் ஏழினையும் செய்து வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் மகிழ்கின்றனர், கைத்திறனும் பெரிது. ஆயினும் அங்கே இரும்பு ஈபெல் கோபுரமாக வேடம் பூண்டு நிற்கிறது. அதே கோபுரத்தைச் சிமெண்டால் செய்திருந்தாலும் இழப்பு ஒன்றுமில்லை. கனேரியாவின் இரும்புக்கும் இதற்கும் உள்ள தொலைவு இதுவே.

இனி, முன்னர்ச் சொல்வதாகக் கூறிய தொல்லை. கரி உதிரும். நார்க்கயிறு தூசியையும் பூச்சியையும் ஈரத்தையும் ஈர்க்கும். எண்ணெய் ஊறிய காகிதம் ஆண்டு செல்லச் செல்லக் கருத்து நொறுங்கும் இயல்புடையது. தில்லியின் புழுதிக் காற்றும், நாற்பத்தைந்து பாகை வெயிலும், அதன்பின் கொட்டும் மழையும் இவற்றுக்குப் பகை. எண்ணெய் வண்ணப் படத்தைப் பழுது பார்க்கும் முறைகள் நூற்றாண்டுகளாகப் பயின்று வந்தவை; எரிந்த பலகையைப் பழுது பார்ப்பது எவ்வாறு? கரியை ஒட்ட வைத்தால் அது படேல் எரித்த கரியாகுமா? முடிச்சு ஒன்று அவிழ்ந்தால் வேறொருவர் முடியலாமா? அருங்காட்சியகத்தார் இன்றளவும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் வினாக்கள் இவை. கவனிப்பாரின்றி ஒரு தலைமுறை விட்டால் போதும், காட்டுவதற்கு ஒன்றும் எஞ்சாது.

இவர்களைத் ‘தமிழ்க் கலைஞர்’ என்று நாம் உரிமை பாராட்டுவது மிகையாகும். சுவாமிநாதன் எழுதியது ஆங்கிலத்திலும் இந்தியிலும். சுப்பிரமணியனைத் தம்மவராகக் கொண்டது சாந்திநிகேதனமும் பரோடாவும். விவான் வளர்ந்தது பஞ்சாபிய, ஹங்கேரிய உறவினரிடையே. எனினும் ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களில் பிறந்தவர்கள், தமக்கென்று வழிவழியாக வந்த பண்டமோ பட்டறையோ இல்லாதவர்கள் ஆதலால், எதனைக் கொண்டும் செய்யலாம் என்ற துணிவைப் பெற்றார்கள் போலும் என்று நமக்குத் தோன்றுகிறது. சென்னையிலும் அதே காலத்தில் பி. வி. ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்தும் பற்றவைத்தும் சிற்பம் செய்தார். ஆனால் அவர் கைக்குப் பின்னால் கோயில் கவசங்களும் திருவாசிகளும் இருந்தன. சிம்லாவில் பிறந்த பிள்ளைக்கு அவை இல்லை.

விவான் சுந்தரம் ஒருமுறை மட்டும் அத்தொன்மையின் வாயிலுக்கு வந்தார். 2012-இல் கொச்சியில் முதன்முறையாகக் கலைவிழா நடந்தபோது, பட்டணம் என்னும் ஊரில் தொல்பொருளாளர் அகழ்ந்தெடுத்து, ஆராய்ச்சிக்குப் பயன்படாதென ஒதுக்கிய பானை ஓடுகளை ஆயிரக்கணக்கில் பெற்றார். யவனர் பொன்னொடு வந்து மிளகொடு பெயர்ந்ததாகச் சங்கப் புலவர் பாடிய முசிறித் துறைமுகம் அவ்விடமே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அவ்வோடுகளைத் தரையில் பரப்பி, தெருவும் மதிலும் குளமுமாக மூழ்கிய நகரம் ஒன்றை அமைத்தார். இடையிடையே கருமிளகைப் பெய்தார். அதற்குக் ‘கருப்புப் பொன்’ என்று பெயர் வைத்தார்.